கேசட்டில் ஓடிய தறி

"அந்த எடத்துல மட்டுந்தான் சாமி கரகரங்குது. மத்ததெல்லாம் நல்லாத்தான் சொல்றான். எப்ப வாரேன்னு சொல்ற எடம் வந்தா என்னமோ கூட வந்து மறைச்சுப் போடுது. உன்ற மிசின்ல போட்டு அதை மட்டும் தொடைச்சுக் குடு."

வள்ளியாத்தாள் மூன்று கேசட்டுகளைத் துணியில் முடிந்து மகளின் பைக்குள் திணித்தாள். இரண்டு கண்ணிலும் பூ விழுந்த பிறகு எதையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் செய்தாள். போட்ட முடிச்சை மறுபடியும் தடவினாள்.

"தொடைக்கற மிசின் இல்லீங்கம்மா அது. சத்தத்தப் படமா எழுதற மிசின்," என்றாள் சௌந்திரம்.

"எழுதுனா படிக்கலாமில்ல? படிச்சுச் சொல்லு. மைசூர்ல பேச்சு வராத புள்ளைகளையெல்லாம் பேச வெக்கிறயாம், ஊட்டுக்கு வந்தா உனக்கே பேச்சு வரமாட்டீங்குது. தம்பி பேசுனதயாச்சும் படிச்சுட்டு வா."

அடுப்படியிலிருந்து பூவாத்தாள் சிரித்தாள். அவள் வேலுமணியின் மனைவி. ஆடி நோம்பிப் பண்டிகைக்குப் போட்ட சிவப்பு வளையல்கள் அவள் மாவு பிசையும்போது ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

"நங்கையா, உங்க தம்பி பொங்கலுக்கு வரலீன்னா நானே வண்டியேறி வந்துருவேன்னு அந்த மிசின்கிட்டச் சொல்லி வெய்யுங்க," என்றாள். புருஷனின் அக்காளை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வேலுமணி ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சங்ககிரிப் பக்கம் வெள்ளாமை செய்த காட்டில் கிணறு வற்றிப்போனபோது, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு அந்தக் குடும்பம் குமாரபாளையத்துக்குக் குடிவந்தது. இரண்டு விசைத்தறிப் பட்டறைகளுக்கு நடுவே வாடகை வீடு. வந்த புதிதில் யாருக்கும் தூக்கம் இல்லை. சில மாதங்கள் போன பிறகு, தறி நின்றால்தான் விழிப்புத் தட்டியது. வேலுமணி வளர்ந்ததும், கிணறு வற்றிய வீட்டுப் பையன்கள் பலரையும் போலத் ஆழ்குழாய்க் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஏறினான். சொந்தக் காட்டில் கிடைக்காத தண்ணீருக்கு மத்தியப் பிரதேசத்தில் யார் யார் காட்டிலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

கடுதாசி எழுதுவதற்கு அவனுக்குச் சோம்பல். ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கி வைத்துக்கொண்டு பேசியே அனுப்பினான். ஊர்ப்பக்கம் வரும் வண்டியில் கேசட் திருச்செங்கோடு வந்து சேரும். ஒன்றரை வருஷமாகத் தங்கமுத்துதான் போய் வாங்கி வந்து வீட்டில் கொடுப்பான். வீட்டார் பதில் பேசிப் பதிந்ததை அவனே கொண்டுபோய் வண்டியில் ஏற்றி விடுவான். சம்பளமும் அவன் கை வழியாகத்தான் வந்தது. தங்கமுத்து வேலுமணியின் கூட்டாளி. இருவரும் ஒன்றாகத்தான் ரிக்குக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் மாதிரியெல்லாம் பேசிக்காட்டி அவர்களிடமே அடி வாங்கியவன் அவன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று போன வருஷம் மாசியில் திரும்பி வந்துவிட்டான். இப்போது ஊர்க்கோடியில் ஒற்றைத் தறி ஓட்டிக்கொண்டிருந்தான்.

கேசட் வந்தால் அதைக் கேட்பதற்கு வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் வள்ளியாத்தாள் நடுவீட்டில் உட்கார்ந்து தன் பங்கைக் கேட்பாள். "பூவா" என்று குரல் மாறும்போது நிறுத்திவிடுவார்கள். பூவாத்தாள் டேப் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பதில் பேசுவதும் அங்கேயே. உள்ளே அவள் என்ன கேட்டாள், என்ன சொன்னாள் என்று யாரும் கேட்டதில்லை. அவள் குழந்தைக்கு ஒன்றேகால் வயது. பொத்தான் அமுங்கும் 'டக்'கென்ற சத்தம் எங்கே கேட்டாலும் ஓடி வந்து பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கும். அப்பனைப் பார்த்திராத குழந்தைக்கு அந்தப் பெட்டிதான் அப்பா.

மைசூரில் பேச்சும் காதும் குறைபட்டவர்களுக்கான ஒரு நிலையத்தில் சௌந்திரத்துக்கு வேலை. சுருக்கமாகச் சொன்னால், குரலைக் கண்ணால் பார்க்கும் வேலை. மெஷினின் உருளையில் ஒரு தாளைச் சுற்றி, இரண்டு விநாடிக்குச் சற்று அதிகமான பேச்சை உள்ளே ஓடவிட்டால், ஊசி ஒன்று அந்தத் தாளைச் சுட்டுச் சுட்டு எழுதும். இடமிருந்து வலம் போவது நேரம். கீழே இருப்பது கனத்த ஒலி, மேலே போகப் போகக் கீச்சு. எங்கே ஒலி பலமோ அங்கே கறுப்பு. வாயைத் திறந்து 'ஆ' என்றால் கறுத்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும். 'ச' என்றால் உச்சியில் புகை படியும். வாயை மூடினால் வெள்ளை. எழுதி முடிக்கும்போது அறையில் கருகல் வாசனை நிற்கும்.

சௌந்திரத்துக்கு அந்த வாசனை பிடிக்கும். மனிதர்கள் எதிரே நின்று பேசும்போது அவளுக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு. சொல்வது ஒன்றும் நினைப்பது ஒன்றுமாக இருக்கிறார்களோ என்று. தாளில் அந்தத் தொல்லை இல்லை. பட்டை மேலே இருந்தால் மேலே, கீழே இருந்தால் கீழே. கல்யாணம் வேண்டாம் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததற்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று சில சமயம் அவளுக்குத் தோன்றும். அதை மேலே தோண்டமாட்டாள்.

ஊரிலிருந்து திரும்பிய வாரத்தில், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அம்மாவின் கேசட்டுகளை எடுத்தாள். முதலாவது போன வருஷம் மாசியில் வந்தது. அதில் "அம்மா, நான் வேலு பேசறேன்" என்பதைத் தாளில் எழுதவிட்டாள். அவன் குரலின் பட்டைகளுக்குப் பின்னால் தாள் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. ரிக் வண்டியின் கம்ப்ரஸர் இரைச்சல். சரிதான் என்று வைத்துவிட்டுக் கடைசிக் கேசட்டுக்கு வந்தாள். "எப்ப வாரேன்னு கேட்டிருந்தயே அம்மா" என்று அவன் சொல்லி நிறுத்துகிற இடம். அதற்குப் பிறகு வரும் கரகரப்பை மட்டும் வெட்டி உள்ளே விட்டாள்.

ஊசி எழுதி முடித்த தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டையே இல்லை. புகையும் இல்லை. அந்த இடத்தில் வேலுமணி எதுவும் சொல்லவே இல்லை. தாளின் அடியிலிருந்து உச்சி வரைக்கும் நெட்டுக்குத்தாக எழும்பிய கோடுகள் மட்டும் இருந்தன. ஒரே இடைவெளி. ஒன்று கறுப்பு, அடுத்தது வெளிறல், மறுபடி கறுப்பு, மறுபடி வெளிறல்.

பாறையை இடிக்கும் சத்தமோ என்று நினைத்தாள். ரிக்கின் இடி அவ்வளவு மெதுவாக விழாது. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயிருக்கும். இது நிதானமான அடி. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. ஒரு பக்கம் பலமாக, மறுபக்கம் லேசாக.

சட்டென்று கேசட்டை ஓடவிட்டுக் கேட்டாள். தறி.

அவள் காது அதுவரை அதைக் கேட்கவே இல்லை. கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் காதுக்குக் கேட்டது. வீட்டில் எத்தனையோ தடவை இதைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பட்டறைகள் ஓட, நடுவே பெட்டிக்குள்ளும் ஒரு தறி ஓடியதை ஒருவரும் கவனிக்கவில்லை. பதிந்தவனும் கவனிக்கவில்லை. வேறு ஊர்க்காரன் யாராவதாக இருந்தால் முதலில் தறியை நிறுத்திவிட்டுத்தான் பேச உட்கார்ந்திருப்பான். குமாரபாளையத்துக்காரனுக்குத் தறி ஓடுவது சத்தத்தில் சேர்த்தி இல்லை.

இரண்டாவது கேசட்டையும் போட்டாள். அதிலும் அதே கோடுகள்.

அப்படியானால் வேலுமணி ஊரில் இருக்கிறான். ஒன்றரை வருஷமாகக் கூப்பிடு தூரத்தில் எங்கோ தறிப்பட்டறை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, மத்தியப் பிரதேசத்தில் இருப்பதாகப் பெற்றவளிடம் பேசிக்கொண்டிருக்கிறான். ஏன்? அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. யாரோ ஒருத்தி.

தாள்களை மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்று உறுத்தியது. முதல் கேசட்டில் 'அம்மா'வின் கடைசியில் வரும் 'ஆ'வுக்குப் பட்டைகள் கிடந்த உயரமும், பிந்திய கேசட்டுகளில் கிடந்த உயரமும் ஒன்றாக இல்லை. பிந்தியவை மேலே ஏறியிருந்தன. பாட்டரி இறங்கிய ரெக்கார்டரில் பதிந்திருப்பான் என்று நினைத்தாள். அதை நல்ல மெஷினில் போட்டால் எல்லாமே கொஞ்சம் ஏறித்தான் தெரியும். அப்படி ஏறினால் பேச்சின் ராகமும் கூடவே ஏறியிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ராகம் ஏறவில்லை; இம்மி பிசகாமல் வேலுமணியின் ராகம். தினமும் இதையே பார்க்கிறவள். ஆனாலும் அந்தத் தாளைத் தள்ளி வைத்தாள். கோபத்தோடு இருப்பது சுகமாக இருந்தது. கோபத்துக்குத் தம்பி உயிரோடு வேண்டும்.

லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். திம்பம் மலை இறங்கும் வரைக்கும் அவனை எப்படியெல்லாம் கேட்பது என்று வார்த்தை தேடிக்கொண்டே வந்தாள். வெட்கங்கெட்டவனே என்று ஆரம்பிக்கலாமா? ஒன்றும் சொல்லாமல் அறைந்துவிடலாமா? சிறுவயதில் அவனை அடித்ததில்லை. பவானியில் இறங்கி, பாலத்தைக் கடந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகத் தங்கமுத்துவின் பட்டறைக்கு நடந்தாள். கேசட்டைக் கொண்டுவருகிறவனுக்குத் தெரியாமல் எதுவும் நடந்திருக்காது.

ஓட்டுச் சாய்ப்பு. உள்ளே ஒற்றைத் தறி ஓடிக்கொண்டிருந்தது. தங்கமுத்து குள்ளமான ஆள். தலைமுடி, புருவமெல்லாம் பஞ்சு படிந்து கிழவனைப் போலத் தெரிந்தான்.

"அடடா, சௌந்திரக்காவா! வாங்க, வாங்க. நோம்பிக்கு வந்து போயி மாசங்கூட ஆகலீங்களே?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே தறியை நிறுத்தக் கையைக் கொண்டுபோனான்.

"நிறுத்தாதே. ஓடட்டும்."

அவள் நின்று கேட்டாள். பலமாக ஒன்று. லேசாக ஒன்று. பலமாக, லேசாக.

"வேலு எங்கடா?"

"கேம்ப்புலதானுங்க. போன வாரங்கூட வண்டி வந்துச்சு..."

"எந்தக் கேம்ப்புலடா தறி ஓடுது?"

பையிலிருந்து தாளை எடுத்து, நெய்துகொண்டிருந்த துணியின் மேல் விரித்தாள். அவன் குனிந்து பார்த்தான்.

"இதென்னுங்க, சீப்புப் பல்லாட்ட?"

"உன்ற தறி. அவன் இங்க உக்காந்துதான் பேசியிருக்கறான். இல்லீன்னு சொல்லாதே. இதுல எழுதியிருக்குது. எவ ஊட்ல இருக்கறான்? கூட்டியா அவன."

தங்கமுத்து ஒரு கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு தறியை நிறுத்தினான். சத்தம் நின்றதும் சாய்ப்பு திடீரென்று பெரிதானது போல இருந்தது.

"அவனக் கூட்டியார முடியாதுங்க்கா," என்றான் தரையைப் பார்த்தபடி.

சௌந்திரம் அவன் கழுத்தைப் பார்த்தாள். குட்டைக் கழுத்து. வேலுமணி நெடுநெடுவென்று வளர்ந்தவன். அவனுக்குக் கழுத்தும் நீளம். ராகத்தைப் போலச் செய்யலாம். இழுப்பை, நிறுத்தத்தை, கனைப்பைக்கூடப் போலச் செய்யலாம். குட்டைத் தொண்டைக்குப் பட்டை மேலேதான் ஏறும்; தொண்டையின் நீளத்தை யாராலும் போலச் செய்ய முடியாது. தள்ளி வைத்த தாள் அப்போது அவள் கண்முன் வந்து நின்றது. அதில் எல்லாம் எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் தள்ளி வைத்திருந்தாள்.

"எப்ப?" என்று கேட்டாள்.

"போன வருசம் மாசியிலீங்க. கம்ப்ரஸர் ஓஸ் கொழா கழண்டு வந்து நெஞ்சுல அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டான். அங்கயே எரிச்சோம். ஓனரு சாம்பலையும் என்னையும் ரயிலேத்தி உட்டாரு, ஊட்ல பக்குவமாச் சொல்லுன்னு." பஞ்சு படிந்த புருவத்தைப் புறங்கையால் துடைத்தான். "வந்தேனுங்க. நான் வந்த அன்னிக்குப் பூவாத்தாளுக்கு வளைகாப்பு வளையல் போட்டுட்டு இருந்தாங்க. ஊடு நெறைய ஒறம்பரைச் சனம். பெரியம்மா என்ற கையப் புடிச்சுட்டு, வேலு பேசிக் குடுத்தானா சாமின்னாங்க. பையில அவன் பாதி பேசி வெச்ச கேசட்டு இருந்துச்சு. அத எடுத்துக் குடுத்துட்டேன்."

"அப்பறம்?"

"கொழந்த பொறக்கட்டும்னு இருந்தேன். பொறந்துச்சு. பால் நின்னு போயிருமேன்னு இருந்தேன். பொறவு பெரியம்மாளுக்குக் கண்ணு. அவுங்க கேட்டுட்டே இருந்தாங்க. சம்பளம்னு என்ற தறிக் காசக் குடுத்துட்டு இருந்தேன். ஒரு நாள் உக்காந்து அவனாட்டப் பேசிப் பாத்தேன். வந்துருச்சு. வராம இருந்திருக்கலாமுங்க."

இரண்டு நாளாகச் செத்துப்போனவன் மேல் கோபப்பட்டிருக்கிறோம் என்பதுதான் சௌந்திரத்துக்கு முதலில் உறைத்தது. அழுகை வரவில்லை. எவளோ ஒருத்தி வீட்டில் வேலுமணி சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக, வழியெல்லாம் அவள் மனதில் வைத்திருந்த காட்சி இன்னும் அழியாமல் இருந்தது. அவன் இருந்ததெல்லாம் அந்தக் காட்சிக்குள் மட்டும்தான் என்று இப்போது தெரிந்தது.

"சாம்பல் எங்க?"

அவன் பின்பக்கக் கதவைத் திறந்து காட்டினான். பூவரச மரத்தின் கிளையில், மஞ்சள் துணி சுற்றிய சின்னச் சொம்பு ஒன்று கயிற்றில் தொங்கியது. மஞ்சள் என்று தெரியாத அளவுக்கு அதன் மேல் பஞ்சு அப்பியிருந்தது. ஆற்றில் விடும் வரை அஸ்தியைக் கூரைக்கடியில் வைக்கக் கூடாது, மரத்தில்தான் கட்டுவார்கள். நாலு நாள் தொங்க வேண்டியது ஒன்றரை வருஷம் தொங்கியிருந்தது.

"ஆத்துல உடறதுக்கு நான் யாருங்க? அவன் ரத்தமா? அதனால கட்டி வெச்சேன்," என்றான். பிறகு கிட்ட வந்தான். "அக்கா, ஒண்ணு சொல்றேன் கேக்கறீங்களா? தைக்கு வாரேன்னு அதுல எழுதியிருக்குதுன்னு சொல்லீருங்க. பெரியம்மாளுக்குக் கண்ணு ஆப்பரேசன் தையிலதான். நீங்க படிச்சுச் சொன்னா நம்பீருவாங்க. நான் சொல்றதக் காட்டியும் நம்புவாங்க."

முடியாது என்று உடனே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எவ்வளவு சின்னப் பொய்! ஒரே வரி. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு மார்கழியைத் தாண்டிவிடுவாள். பூவாத்தாள் சிவப்பு வளையலோடு இருப்பாள். உண்மையைச் சொன்னால் அந்த வளையலை யார் உடைப்பார்கள், வெள்ளைச் சீலையை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள், அன்று யார் யார் வாசலில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் சௌந்திரத்துக்குத் தெரியும். பூவாத்தாளுக்கு இருபத்து மூன்று வயது. அந்தச் சீலையை அவள் சாகும்வரை மாற்ற முடியாது. தாளில் எழுதியிருப்பதை மாற்றிப் படித்தால் இதையெல்லாம் நிறுத்தி வைக்கலாம். தங்கமுத்துவும் இப்படி நினைத்துத்தான் ஆரம்பித்திருப்பான்.

அப்போதுதான் சுவரோரத்துப் பலகையைப் பார்த்தாள். அதில் கேசட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. பஞ்சு படியாமல் துடைத்து வைத்தவை. அந்தச் சாய்ப்பில் பஞ்சு படியாத பொருள் அவை மட்டும்தான்.

"இது?"

தங்கமுத்து பலகையை மறைத்தாற்போல வந்து நின்றான்.

"பூவா பேசிக் குடுத்ததா?"

"கேட்டாத்தானுங்க பதில் பேச முடியும். கொழந்தைக்குக் காச்சல்ங்கறாங்க, ஓடு ஒழுகுதுங்கறாங்க. கேக்காம எப்படிங்க..." அவன் குரல் தணிந்தது. "சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாங்கக்கா. ஆரம்பத்துல அந்த எடத்தக் கேக்காம ஓட்டி உட்டுருவேன். பொறவு..."

சாத்திய கதவுக்குப் பின்னால் புருஷனுக்கென்று ஒருத்தி சொன்னதெல்லாம் இந்தப் பலகையில் வந்து உட்கார்ந்திருந்தது. தைக்கு வாரேன் என்று இவள் ஒரு வரி சொன்னால், பூவாத்தாள் இன்றைக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போவாள். கதவைச் சாத்துவாள்.

"அந்தச் சொம்ப அவுத்து எடு," என்றாள். "ஊட்டுக்கு வா. நீயே சொல்லு. உன்ற குரல்ல சொல்லு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அதைச் சொல்லும் தைரியம் தனக்கு இல்லாததால் அவன் தலையில் கட்டுகிறோம் என்று. அப்படியும் மாற்றிச் சொல்லவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. இரண்டு பட்டறைகளும் ஓடிக்கொண்டிருந்தன. தங்கமுத்து வாசல் வேம்பின் தாழ்ந்த கிளையில் சொம்பைக் கட்டினான். வள்ளியாத்தாள் நடுவீட்டில் உட்கார்ந்து முறத்தில் பருப்பைத் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நாத்தியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பின்னால் தங்கமுத்து நின்ற நிற்பைப் பார்த்ததும், மலர்ந்தது அப்படியே நின்றது.

தங்கமுத்து வாசற்படியைத் தாண்டினான். வழியெல்லாம் 'பெரியம்மா' என்றுதான் அவன் உதடு அசைந்துகொண்டு வந்தது. ஆனால் இத்தனை நாளாக இந்த வீட்டை நினைத்து அவன் வாயைத் திறந்ததெல்லாம் வேறு ஒருவனாக.

"அம்மா," என்றான்.

வேலுமணியின் குரல்.

முறம் கவிழ்ந்தது. வள்ளியாத்தாள் எழுந்த வேகத்தில் பருப்பு தரையெல்லாம் உருண்டது.

"வேலு! வந்துட்டயா சாமி? எங்க நிக்கற? வா, கிட்ட வா, சாமி."

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு குரல் வந்த திசைக்கு வந்தாள். தங்கமுத்துவால் நகர முடியவில்லை. கைகள் அவன் மார்பைத் தொட்டு, மகனின் முகம் இருக்க வேண்டிய உயரத்துக்குப் போயின. அங்கே முகம் இல்லை. கைகள் அந்தரத்தில் ஒரு கணம் நின்றன. பிறகு மெதுவாக இறங்கி, குட்டைக் கழுத்தை, பஞ்சு ஒட்டிய புருவத்தை, நனைந்த கன்னத்தைத் தடவின.

"இது யாரு?"

"நானுங்க பெரியம்மா. தங்கமுத்து." இந்தத் தடவை அவன் குரல்.

"அப்ப இப்பக் கூப்பிட்டது?"

அவன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். சொல்லத்தான் வந்தான், ஓஸ் என்றான், மாசி என்றான், மேற்கொண்டு வார்த்தை கோவையாக வரவில்லை. மிச்சத்தைச் சௌந்திரம் சொன்னாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, காதோடு வாயை வைத்து, தறிச் சத்தத்துக்கு மேலே சத்தமாகச் சொன்னாள். அவ்வளவு பெரிய விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

வள்ளியாத்தாள் அழவில்லை. தடவித் தடவித் தரையில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் கை சிந்திய பருப்பைக் கூட்டியது.

"அந்த எடத்துல என்ன சொன்னே?" என்று கேட்டாள், எங்கோ பார்த்துக்கொண்டு. "எப்ப வாரேன்னு கேட்டயேன்னு சொல்லிப்போட்டு, பொறவு?"

"ஒண்ணும் சொல்லலீங்க பெரியம்மா. தேதி சொல்ல வாய் வரல. வாய மூடிட்டு உக்காந்திருந்தேன். தறி ஓடுச்சு."

"போடு அத. கேக்கறேன்."

"வேண்டாங்கம்மா," என்றாள் சௌந்திரம்.

"போடுங்கறேன்."

பையிலிருந்து கேசட்டை எடுத்துப் பெட்டியில் போட்டுச் சௌந்திரம் பொத்தானை அமுக்கினாள். 'டக்'. குழந்தை வாய்ச் சோற்றோடு ஓடி வந்து பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றது. எப்ப வாரேன்னு கேட்டிருந்தயே அம்மா என்றது பெட்டி. பிறகு பலமாக ஒன்று, லேசாக ஒன்று. வள்ளியாத்தாள் தலையைச் சாய்த்து, இனியாவது ஏதாவது வருமா என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூவாத்தாள் அதுவரை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சோற்றுக் கிண்ணம் மடியில் இருந்தது. அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, சௌந்திரத்தையும் பார்க்கவில்லை. தங்கமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ண்ணா," என்றாள். "நான் பேசிக் குடுத்ததெல்லாம் எங்கீங்க?"

அவன் தலையை இன்னும் கீழே தொங்கவிட்டான்.

"கேட்டீங்களா?"

அவன் தரையில் கிடந்த ஒரு பருப்பை விரலால் நகர்த்தினான்.

"எல்லாத்தையும் கேட்டீங்களா?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். குழந்தையின் கையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அது விடாமல் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. குழந்தை வீறிட்டது. வளையல் கை நீண்டு பொத்தானை அமுக்கியது.

பெட்டி நின்றது. இரண்டு பக்கமும் பட்டறைகள் ஓட, அது நின்றதும் சத்தம் குறைந்ததாக யாருக்கும் தெரியவில்லை.